5,000 டாலரும் 88 நாளும்: ஆஸ்திரேலியாவில் தனியாக ஓராண்டு

ஓராண்டு தங்கி, வேலை செய்துகொண்டே சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்ல விரும்புகிறவர், அங்கே இறங்கியதும் தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்ள 5,000 ஆஸ்திரேலிய டாலரும், ஊர் திரும்புவதற்கான பயணச்செலவும் தம்மிடம் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024ஆம் ஆண்டின் இறுதியில் அந்த 5,000 டாலர் ஏறக்குறைய இரண்டே முக்கால் லட்சம் ரூபாய். சென்னையில் ஐந்து ஆண்டுகள் வேலை பார்த்துச் சேர்த்ததிலிருந்து அதை எடுத்துக் காட்டியபோது, விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய இன்னொரு சான்றிதழாகவே அதை நினைத்தேன். விசா கைக்கு வந்ததும் அது என் மனத்தில் சுற்றிப் பார்ப்பதற்கான பணமாக மாறிவிட்டது. நாட்டில் இறங்கிய ஒன்பதாவது வாரத்தில் என் கணக்கில் 213 டாலர் இருந்தது. இருந்த இடத்தை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று அதற்கு இரண்டு வாரம் முன்பே தெரிந்திருந்தும், கிளம்பிப் போய் இன்னோர் ஊரில் நிற்கப் பணம் போதாது என்ற ஒரே காரணத்தால் அங்கேயே கிடந்தேன். தனியாகப் போகத் துணிகிறவர்களுக்கு, குறிப்பாக நம் ஊர்ப் பெண்களுக்கு, அந்த 213 டாலரின் கதையைச் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

விசாவைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தியா–ஆஸ்திரேலியா வணிக ஒப்பந்தத்தின் பயனாக, 462 என்ற எண் கொண்ட இந்த விசாவில் ஆண்டுக்கு 1,000 இடங்கள் இந்தியருக்கு ஒதுக்கப்பட்டன. முதல் குலுக்கலுக்கான பதிவு 2024 அக்டோபர் மாதம் முழுவதும் திறந்திருந்தது. பதிவுக்கு 25 டாலர் கட்டணம். பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் தேவை. வயது 18 முதல் 30 வரை இருக்க வேண்டும். எனக்கு அப்போது 28. குலுக்கலில் பெயர் வந்தவருக்கு விண்ணப்பிக்க 28 நாள் மட்டுமே தருகிறார்கள் என்பதால், பள்ளிக்குப் பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகள் படித்ததற்கான சான்று, ஆங்கிலத் திறனுக்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைப் பெயர் வரும் முன்பே எடுத்து வைத்துவிடுவது நல்லது. நான் விண்ணப்பித்தபோது விசாக் கட்டணம் 650 டாலர், பிறகு உயர்த்தியிருக்கிறார்கள். பெயரை வரவழைத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கும் ஏஜெண்டுகளை நம்ப வேண்டாம். குலுக்கலில் யாருடைய கையும் நுழைய முடியாது.

2025 ஏப்ரல் 3ஆம் தேதி சிட்னியில் இறங்கியபோது என்னிடம் 5,400 டாலர் இருந்தது. சிட்னியில் ஒரு வாரமும், விமானத்தில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே உள்ள கெய்ர்ன்ஸ் நகருக்குப் போய் அங்கே மூன்று வாரமும் தங்கினேன். பவளத்திட்டைப் பார்க்க இரண்டு முறை படகில் போனேன்; டெயின்ட்ரீ மழைக்காட்டுக்கும் கேப் ட்ரிபுலேஷனுக்கும் இரண்டு நாள் பயணம் போனேன். தொட்டியத்துக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில், அப்பாவின் வாழைத் தோட்டத்தைத் தவிர வேறு உலகம் தெரியாமல் வளர்ந்தவளுக்கு, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை பவளமும் மீனுமாக இருந்த அந்தக் கடலடி ஒரு பெரிய பேறு. அதற்குச் செலவழித்ததற்கு இன்றும் வருந்தவில்லை. வேலை கிடைத்த பிறகு போயிருக்க வேண்டிய சுற்றுலாவை வேலை கிடைக்கும் முன்பே போனதுதான் என் பிழை. மே மாதம் பிறந்தபோது கையில் 1,600 டாலர் மிஞ்சியிருந்தது.

அந்தக் கட்டத்தில்தான் ஒரு சிற்றூரின் வேலை ஹாஸ்டலுக்குப் போனேன். படுக்கையும் கொடுத்து, சுற்றுவட்டாரப் பண்ணைகளில் வேலையும் பிடித்துத் தருவதாகச் சொல்லும் விடுதிகளை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். அவற்றில் நேர்மையாக நடப்பவையும் உண்டு; பின்னாளில் அப்படிப்பட்டவற்றில் தங்கியவர்களைச் சந்தித்தேன். நான் போய்ச் சேர்ந்தது வேறு வகை. எட்டுப் பேர் படுக்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு வாரம் 250 டாலர். இரண்டு வார வாடகையும், ஒரு வார வாடகை அளவுக்கு முன்பணமும் முதல் நாளே வாங்கிக்கொண்டார்கள். தொலைபேசியில் பேசியபோது “வேலை நிறைய இருக்கிறது” என்றவர்கள், நேரில் போனதும் “பருவம் இன்னும் சூடுபிடிக்கவில்லை, பொறுத்திருங்கள்” என்றார்கள். காய்கறி அறுவடை தொடங்குவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே கட்டில்களை நிரப்பிவிட்டால் விடுதிக்கு வாடகை வந்துகொண்டிருக்கும், பண்ணைக்கு வேண்டிய அன்று ஆளும் தயாராக இருக்கும். இடையில் இருக்கும் நாட்களின் செலவு மட்டும் காத்திருப்பவரின் தலையில் விழும். இதை நான் புரிந்துகொண்டபோது இரண்டாவது வார வாடகையும் தீர்ந்திருந்தது.

ஐந்து வாரத்தில் எனக்கு ஒன்பது நாள்தான் வேலை கிடைத்தது. குடைமிளகாய் பறிக்கும் வேலை. வாளிக்கு இவ்வளவு என்று பீஸ் ரேட் கூலி. விடுதிக்கும் பண்ணைக்கும் நடுவே ஒரு காண்ட்ராக்டர் இருந்தார். வாளிக்கு எவ்வளவு என்பதை அவர் எழுத்தில் தரவில்லை, சம்பளச் சீட்டும் தரவில்லை. வாரக் கடைசியில் ஒரு தொகை கணக்கில் வந்து விழும். ஒன்பது நாளும் சராசரியாக ஆறு மணி நேரம் குனிந்து பறித்ததற்கு எனக்கு வந்தது மொத்தம் 585 டாலர். அதிலும், பண்ணைக்கு வேனில் ஏற்றிப்போக நாளொன்றுக்கு 8 டாலரை விடுதி தனியே வாங்கிக்கொண்டது.

அந்த நேரத்தில் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.10 டாலர். நிரந்தரமில்லாத தொழிலாளருக்கு விடுப்பும் பிற உரிமைகளும் இல்லை என்பதற்காக அதன்மேல் 25 சதவீதம் கூட்டித் தர வேண்டும்; ஆக மணிக்கு 30 டாலருக்குச் சற்று மேல். 54 மணி நேரத்துக்கு 1,600 டாலருக்கு மேல் வந்திருக்க வேண்டும். பீஸ் ரேட்டில் எவ்வளவு பறித்தாயோ அவ்வளவுதான் கூலி என்று காண்ட்ராக்டர் சொன்னதை நான் நம்பினேன். நம் ஊரில் பூப் பறிப்பதும் பருத்தி எடுப்பதும் அப்படித்தானே நடக்கின்றன என்று மனத்தைத் தேற்றியும் கொண்டேன். ஆனால் 2022 ஏப்ரல் 28 முதல், பழம், காய்கறிப் பண்ணைகளில் பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்ச ஊதியம் சட்டப்படி உறுதி செய்யப்பட்டிருக்கிறது. பறித்த வாளிகளின் கணக்கு அதைவிடக் குறைந்தால் வேலை கொடுப்பவர் நிரப்பித் தர வேண்டும். வேலை செய்த மணி நேரத்தை அவர் பதிவு செய்ய வேண்டும். கூலி விகிதத்தை எழுதித் தர வேண்டும். சம்பளம் தந்த ஒரு வேலைநாளுக்குள் சம்பளச் சீட்டையும் தர வேண்டும். இவற்றை விளக்கும் ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மன் என்ற அரசு அமைப்பிடம் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குயின்ஸ்லாந்தில் ஆட்களை வேலைக்கு அனுப்பும் காண்ட்ராக்டர் எவரும் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நான் வேலை செய்த காண்ட்ராக்டரின் பெயரை அந்தப் பட்டியலில் தேடியது அங்கிருந்து கிளம்பிய பிறகுதான். பெயர் இல்லை. இரண்டு நிமிட வேலை அது. அதைச் செய்யாததற்கு ஐந்து வாரத்தை விலையாகக் கொடுத்தேன்.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் அந்த அறையில் இருந்த எட்டுப் பேரும் ஏன் வாய் திறக்கவில்லை என்பதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர்களில் மூவருக்கு உரிமைகள் எனக்கு முன்பே தெரியும். ஆனால் புகார் கொடுத்தால் மறுநாள் வேனில் பெயர் இருக்காது. பெயர் இல்லாவிட்டால் வாடகைக்குப் பணமில்லை. வாடகை இல்லாவிட்டால் கட்டில் இல்லை. அடுத்த ஊருக்குப் போகப் பேருந்துக் கட்டணமும் அங்கே முன்பணமும் இல்லை. கையில் 213 டாலர் வைத்திருப்பவருக்குத் தெரிந்த உரிமையும் தெரியாத உரிமையும் ஒன்றுதான். விசா கேட்ட அந்த 5,000 டாலரின் பொருள் எனக்கு அங்கேதான் விளங்கியது. வேண்டாத இடத்திலிருந்து எழுந்து போவதற்கான வலிமை அது.

எனக்கு மேல் கட்டிலில் இருந்த தைவான் பெண்தான் என்னை அங்கிருந்து நகர்த்தினாள். அவளுடைய தோழி டல்லி என்ற ஊரில் ஒரு வாழைப் பண்ணையில் இருந்தாள். அங்கே பேக்கிங் கொட்டகைக்கு ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. பேருந்துக்கும் முதல் வார வாடகைக்கும் என்று 300 டாலரை என் கையில் கொடுத்துவிட்டு, எப்போது முடியுமோ அப்போது கொடு என்றாள். முன்கூட்டியே அறிவிக்காமல் கிளம்பியதால் விடுதி என் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. ஜூன் 6ஆம் தேதி டல்லியில் இறங்கினேன்.

டல்லி, கெய்ர்ன்ஸிலிருந்து தெற்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தொலைவில், மலைக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் சிறிய ஊர். ஒரு பக்கம் கரும்பு, மறுபக்கம் வாழை, நடுவே சர்க்கரை ஆலை. ஆலை ஓடும் மாதங்களில் ஊர் முழுவதும் வெல்லப்பாகு வாசனை அடிக்கும். ஊரின் நுழைவில் 7.9 மீட்டர் உயரத்தில் ஒரு மழைக்காலணியின் உருவத்தை நிறுத்தியிருக்கிறார்கள். 1950ஆம் ஆண்டில் அங்கே பெய்த மழையின் அளவு அது. திருச்சிப் பக்கம் ஓராண்டு முழுவதும் பெய்வது ஒரு மீட்டரைத் தொடாது. ஆஸ்திரேலியாவின் வாழைப்பழத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இந்த வட குயின்ஸ்லாந்துப் பகுதியில்தான் விளைகிறது. அதுவும் பெரும்பாலும் கேவண்டிஷ் என்ற ஒரே இரகம். பூவன், ரஸ்தாளி, நேந்திரன், மொந்தன், கற்பூரவள்ளி என்று கண்ட கண்ணுக்கு, ஏக்கர் ஏக்கராக ஒரே உயரம், ஒரே இலை, ஒரே பழம் என்பது முதலில் ஒரு வெறுமையாகத் தோன்றியது.

கொட்டகையில் வேலை காலை ஆறரைக்குத் தொடங்கும். வயலில் ஒருவர் மரத்தைச் சாய்த்து வெட்ட, இன்னொருவர் தாரைத் தோளில் வாங்கி டிரெய்லரில் ஏற்றுவார். ஒவ்வொரு தாரும் 40, 50 கிலோவுக்குக் குறையாது. நான் இருந்த பண்ணையில் அந்த வேலையை ஆண்கள் மட்டுமே செய்தார்கள். கொட்டகைக்கு வரும் தார்கள் கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும். சீப்புகளை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியில் விட வேண்டும்; மறுபுறம் நிற்பவர்கள் அவற்றைச் சிறு கொத்துகளாக வெட்டி, வடுப்பட்டதைக் கழித்து, பெட்டியில் அடுக்குவார்கள். பத்து மணி நேரம் நின்ற முதல் நாளின் இரவில் என் பாதங்கள் என்னுடையவையாக இல்லை. வாழைக்கறை பட்டால் துணி அவ்வளவுதான் என்பது நமக்குப் பிறவியிலேயே தெரியும் என்பதால் பழைய சட்டைகளைப் போட்டுக்கொண்டேன். ஐரோப்பாவிலிருந்து வந்த பிள்ளைகள் முதல் வாரத்திலேயே நல்ல உடுப்புகளை இழந்தார்கள்.

பண்ணைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தம் காலணியைக் கழற்றி, பண்ணையின் காலணியைப் போட்டு, கிருமிநாசினித் தொட்டியில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வண்டிகளுக்கும் கழுவும் மேடை உண்டு. 2015ஆம் ஆண்டு மார்ச்சில் டல்லிப் பள்ளத்தாக்கில் பனாமா வாடல் நோயின் நான்காவது வகை கண்டறியப்பட்டதிலிருந்து இந்தக் கட்டுப்பாடு. அந்தப் பூஞ்சாணம் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். காலணியில் ஒட்டிய ஒரு கைப்பிடிச் சேறு அடுத்த பண்ணையை அழிக்கப் போதும். ரஸ்தாளியை வாடல் நோய் எப்படிக் கொல்லும் என்பதை அப்பாவின் தோட்டத்தில் நான் பார்த்திருக்கிறேன். அடிமரம் பிளந்து, இலை பழுத்து மடிந்து தொங்கும் அந்தக் காட்சியை எந்த விவசாயி வீடும் மறக்காது. அதனால் அந்தத் தொட்டியை யாராவது தாண்டிப் போவதைக் கண்டால் எனக்குப் பதறும். வேலைக்கு ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறவர்கள் பழைய சேற்றுக் காலணியை எடுத்துச் செல்லாதீர்கள். அது விதிக்காக மட்டும் சொல்வது இல்லை. அங்கே ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரம் இருக்கிறது.

அதே காரணத்தால் பழத்தைத் தவிர வாழையின் எந்தப் பகுதியும் பண்ணையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பது விதி. ஆயிரக்கணக்கான வாழைப்பூக்கள் ஒடித்துப் போடப்பட்டு மரத்தடியில் மக்கிக்கொண்டிருக்க, ஒன்றைக்கூட எடுத்துவந்து பொரியல் செய்ய முடியவில்லை. தண்டும் இலையும் அப்படியே. முதல் மாதத்தில் அவற்றைத் தாண்டி நடக்கும்போதெல்லாம் அம்மாவின் வாழைப்பூ வடை நினைவுக்கு வந்து தொண்டையை அடைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காணொளியில் அழைத்தால் அப்பா நலம் விசாரிக்கும் முன்பே தோட்டத்தைத்தான் விசாரிப்பார். “பாப்பா, அங்க கன்னு எத்தன விடுறாங்க? முட்டுக் குடுக்குறாங்களா?” என்று கேட்பார். ஒரு மரத்துக்கு ஒரு பக்கக் கன்று மட்டும் விடுகிறார்கள், தாருக்குப் பிளாஸ்டிக் உறை மாட்டுகிறார்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் அருகில் இருப்பவர்களிடம் திருப்பிச் சொல்வது கேட்கும். பெண்ணைத் தனியாக அந்நிய நாட்டுக்கு அனுப்புவதா என்று முகம் கொடுக்காமல் இருந்தவர் அவர். வாழைதான் எங்களை மீண்டும் பேசவைத்தது.

வாழைப் பண்ணைக்குப் போகிறவர்கள் லெப்டோஸ்பைரோசிஸ் பற்றி அறிந்திருக்க வேண்டும். நம் ஊரில் எலிக்காய்ச்சல் என்பார்கள். எலி போன்ற விலங்குகளின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும், தோலில் உள்ள சிறு காயம் வழியாக அது உடலுக்குள் போகும். மழை மிகுந்த அந்தப் பகுதியின் வாழைத் தொழிலாளருக்கு அது தெரிந்த ஆபத்து. காயத்தின்மேல் தண்ணீர் புகாத பிளாஸ்திரி, கையுறை, முழுக் காலணி ஆகிய மூன்றையும் விடக் கூடாது. காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியும் சேர்ந்து வந்தால், வாழைப் பண்ணையில் வேலை செய்கிறேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு வந்தது வேறு சோதனை. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் சீப்பு அறுக்கும் கத்தி வழுக்கி இடது பெருவிரலில் ஆழமாகப் பட்டது. அங்கே அரசு மருத்துவக் காப்பான மெடிகேர் நம்மவருக்குக் கிடையாது. நான் வாங்கியிருந்த காப்பீட்டிலோ முதல் சில நூறு டாலரை நானே கட்ட வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு, துணியைச் சுற்றினால் போதும் என்று மேற்பார்வையாளரிடம் மறைக்கப் பார்த்தேன். அந்த அம்மையார் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஐந்து தையல் போட வைத்தார். வேலையில் பட்ட காயம் என்று எழுதச் சொன்னவரும் அவரே. குயின்ஸ்லாந்தில் வேலையில் ஏற்படும் காயத்துக்கான காப்பீடு வேலை கொடுப்பவரின் பொறுப்பு. விசாவில் வந்த நிரந்தரமில்லாத தொழிலாளருக்கும் அது பொருந்தும். மருத்துவச் செலவு முழுவதும் அதிலிருந்தே போனது. வேலையிடத்தில் பட்ட காயத்தை ஒருபோதும் மறைக்காதீர்கள். அன்றே சொல்லுங்கள், எழுத்தில் பதியச் செய்யுங்கள்.

இனி 88 நாள். இந்த விசாவில் இருப்பவர், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம், அதாவது 88 நாள் வேலை செய்தால் இரண்டாவது ஆண்டுக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்குக் குலுக்கல் இல்லை. இரண்டாவது ஆண்டில் ஆறு மாதம் செய்தால் மூன்றாவது ஆண்டும் உண்டு. எந்த வேலை, எந்த அஞ்சல் குறியீடு என்ற இரண்டும் சேர்ந்து பொருந்த வேண்டும். டல்லியின் 4854 வேளாண் வேலைக்குப் பொருந்தியது. 417 என்ற எண் கொண்ட விசாவில் வரும் தைவான், பிரெஞ்சு நண்பர்களுக்கான பட்டியல் வேறு; அவர்கள் சொல்வதைக் கேட்டு நம் விசாவுக்கான ஊரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அந்தத் தொழிலின் வழக்கப்படி வாரம் முழுக்க வேலை செய்திருந்தால் வார விடுமுறை நாட்களையும் சேர்த்து ஏழு நாளாகக் கணக்கிடலாம்; வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருந்தது என்றால் மூன்றுதான். அறுவடை குறைந்த சில வாரங்களாலும் விரல் காயத்தாலும் என் 88 நாள் நிறைய செப்டம்பர் நடுப்பகுதி ஆகிவிட்டது. ஒவ்வொரு சம்பளச் சீட்டையும், வங்கிக் கணக்கில் பணம் வந்த பக்கத்தையும், வேலை கொடுத்தவரின் 11 இலக்கத் தொழில் எண்ணையும் அந்தந்த வாரமே ஒரே கோப்பில் சேர்த்து வைத்தேன். விடுதிக் காலத்தின் ஒன்பது நாளுக்குச் சம்பளச் சீட்டு இல்லாததால் அவற்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வரி எண்ணை வரித்துறையின் தளத்தில் இலவசமாகவே பெறலாம்; அதற்கு 100 டாலர் கேட்பவர்களை நான் கண்டேன். விசாவின் பெயரைச் சொல்லி, வேலை கொடுப்பவர் அதற்கெனப் பதிவு செய்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு செய்தவரானால் முதல் டாலரிலிருந்து 45,000 டாலர்வரை 15 சதவீத வரி. சூப்பர் என்று அவர்கள் சொல்லும் ஓய்வூதிய நிதிக்கு 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதத்தை வேலை கொடுப்பவர் தனியே கட்டுகிறார். நாட்டைவிட்டுப் போகும்போது அதைக் கேட்டுப் பெறலாம் என்றாலும், நம் வகை விசாவுக்கு 65 சதவீத வரி பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள்.

டல்லியில் வாரம் 38 மணி நேர வேலை கிடைத்தபோது வரிபோக ஏறக்குறைய 970 டாலர் வந்தது. கேரவன் பார்க்கில் இருவர் சேர்ந்த அறைக்கு என் பங்கு 180. முதல் சம்பளத்தில் தைவான் தோழியின் 300 டாலரை அனுப்பினேன். இரண்டாவது சம்பளத்திலிருந்து தனியே ஒரு வங்கிக் கணக்கு திறந்து அதற்கு “விதைநெல்” என்று பெயர் வைத்தேன். பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கை வைக்காத வீட்டில் பிறந்தவள், அந்நிய நாட்டில் அதையே முதலில் தின்றுவிட்டேன் என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. எங்கே இருந்தாலும் பக்கத்துப் பெருநகருக்குப் பேருந்துக் கட்டணம், அங்கே இரண்டு வாரக் கட்டில், மூன்று வாரச் சாப்பாடு என்று கணக்குப் போட்டு 1,500 டாலர் என்று வரையறுத்தேன். அந்தக் கணக்கை வங்கி அட்டையோடு இணைக்கவில்லை. அதில் 1,500க்குக் கீழே போனால் பயணத்தை நிறுத்தி வேலை தேட வேண்டும் என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட சட்டம்.

அது கைகொடுத்த நாள் நவம்பரில் வந்தது. தெற்கே பயணம் செய்யும் வழியில் ஒரு சிற்றூர் மதுக்கூடத்தின் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மாடியில் தங்க அறையும் உண்டு. முதல் மூன்று நாள் சோதனை நாட்கள், அவற்றுக்குச் சம்பளம் இல்லை என்று உரிமையாளர் சேர்ந்த பிறகு சொன்னார். திறமையைக் காட்டச் சிறிது நேரம் செய்து பார்ப்பதற்குத்தான் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். மூன்று நாள் முழு வேலை என்றால் சம்பளம் தந்தாக வேண்டும். இரண்டாம் நாள் இரவு, மாடி அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதையும், அவர் அதைப் பொருட்படுத்தாமல் சிரித்ததையும் கண்டேன். மறுநாள் காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறிவிட்டேன். யாரிடமும் கடன் கேட்கவில்லை, யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. பேருந்து நகர்ந்த பிறகு கைபேசியில் “விதைநெல்” கணக்கைத் திறந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் அழுதேன். மே மாதத்தில் அது இருந்திருந்தால் என்ற எண்ணம்தான்.

தனியாகப் போகும் பெண்ணுக்கு ஆபத்து இல்லையா என்று பலர் கேட்கிறார்கள். பெண்களுக்கு மட்டுமான அறை, இரவுக்கு முன் ஊர் சேரும் பேருந்து, இருக்கும் இடத்தைத் தினமும் ஒருவருக்கு அனுப்புவது ஆகியவற்றை நான் கடைப்பிடித்தேன். வடக்கே ஆற்று முகங்களில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால் காலைக்கூட நனைக்கவில்லை. நச்சு ஜெல்லி மீன் வரும் மாதங்களில் வலை கட்டிய இடத்தில் மட்டும் கடலில் இறங்கினேன். கார் வாங்காததுதான் ஒரு குறை. பண்ணை வேலைகளில் பாதிக்குமேல் கார் உள்ளவரையே கேட்கிறார்கள். விடுதி வேனை நம்பியிருப்பவரின் பேரம் பேசும் நிலை அதனாலேயே தாழ்ந்துபோகிறது.

டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் கடற்கரையில் உள்ள வூல்கூல்கா என்ற ஊருக்குப் போனேன். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள் வாழைத் தோட்டங்களால் நிலைபெற்ற ஊர் அது. ஆஸ்திரேலியாவின் முதல் குருத்வாரா 1968இல் அங்கேதான் திறக்கப்பட்டது. இப்போது அந்த மலைச்சரிவுகளில் பெரும்பாலும் வலை மூடிய புளூபெரித் தோட்டங்கள். குருத்வாராவில் எல்லாருக்கும் உணவிடும் லங்கரில் சாப்பிட அமர்ந்தபோது பக்கத்தில் இருந்த முதியவர் நான் எங்கே வேலை செய்தேன் என்று கேட்டார். டல்லியில், வாழையில் என்றேன். அவர் தம் வலது தோளைத் தட்டிக்காட்டி, அந்தச் சரிவில் முப்பது ஆண்டு தார் சுமந்த தோள் இது என்றார். பிறகு என் கையைத் திருப்பிப் பெருவிரல் தழும்பைப் பார்த்து, இன்னும் இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

ஜனவரியில் இரண்டாவது ஆண்டுக்கான விண்ணப்பத்தை அந்தக் கோப்போடு அனுப்பினேன். கூடுதல் கேள்வி எதுவும் வராமல் விசா கிடைத்தது. இப்போது வட குயின்ஸ்லாந்தில் மரீபா என்ற ஊருக்கு அவகாடோ அறுவடைக்கு வந்திருக்கிறேன். இங்கே வரும் முன் காண்ட்ராக்டரின் பெயரை உரிமப் பட்டியலில் பார்த்தேன், கூலி விகிதத்தை எழுத்தில் கேட்டு வாங்கினேன், அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொன்னேன். நேற்று என் அறைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். இரண்டாவது குலுக்கலில் பெயர் வந்தவள். அடுத்த வாரம் பவளத்திட்டுக்குப் போகப் படகுச் சீட்டு வாங்கப் போவதாகச் சொன்னாள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கேட்டேன். 4,800 என்றாள். போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லிவிட்டு, அவள் கைபேசியில் இன்னொரு கணக்கு திறக்க இருவருமாக உட்கார்ந்தோம்.